பல் முகாமுக்குப் போர்வையோடு வந்தவர்கள்

பல்லைக் காட்ட வருகிறவர்களுக்குப் போர்வை எதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைத்தான் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். இலவசப் பல் மருத்துவ முகாம். மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் வேப்பமரத்தடி நிறைந்துவிட்டது. நல்ல விஷயம்தானே?

ஆனால் வந்தவர்களின் கையைப் பார்த்தால்... ஆளுக்கொரு ஒயர் கூடை, அல்லது ஜவுளிக்கடை கட்டைப் பை. பைக்குள் மாற்றுச் சேலை, துண்டு, தட்டு, டம்ளர். சிலர் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் வந்திருந்தார்கள். ஒருவர் தலையிலும் எண்ணெய் இல்லை. நெற்றியில் திருநீறுகூட இல்லை.

எங்கேயோ ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது.

நான் அங்கே எப்படி மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். சுகன்யா எங்கள் தெருப் பெண். அருப்புக்கோட்டையில் அவள் அப்பா பவர்லூம் தறி வைத்திருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்துப் பல் டாக்டரானவள். மதுரையில் ஒரு கிளினிக்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓர் அறக்கட்டளையின் வேனில் ஏறி, கிராமம் கிராமமாகப் போய்ப் பல் பார்க்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ்... கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கோபம் அடிக்கடி வரும்.

"மாமா, வாரா வாரம் ஊருக்கே புத்தி சொல்லி எழுதுறீங்கள்ல... ஒரு நாளைக்கு வந்து டோக்கன் குடுங்களேன்" என்றாள்.

கிளம்பிவிட்டேன்.

வேனில் மடக்கு நாற்காலி ஒன்று வந்திருந்தது. சாய்ந்து படுத்தால் தலைக்கு மேல் லைட் எரிகிற மாதிரியானது. அதை இறக்கி, இரண்டாம் வகுப்பு அறையில், கரும்பலகையைப் பார்க்கப் போட்டார்கள். சுகன்யா மாஸ்க் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். வெளியே கூட்டமும் தயார். தயாராக இல்லாதது ஒன்றுதான்... யார் வயிற்றிலும் ஒரு வாய் சோறு இல்லை!

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று சுகன்யா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"சாப்புடாமத்தான் வந்திருக்கோம் தாயி. பச்சத்தண்ணிகூடப் பல்லுல படல" என்றார்கள், பரீட்சையில் நூறு வாங்கிய பெருமையோடு.

பல் பிடுங்க மரத்துப்போகிற ஊசி போடுவார்களே, அதை வெறும் வயிற்றில் போட்டால் பலருக்கு மயக்கம் வந்துவிடுமாம். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வதுதான் வழக்கம். இங்கே யார் இப்படித் தலைகீழாகச் சொன்னது?

முனியாண்டியைக் கூப்பிட்டேன். பாளையம்பட்டிக்காரன். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா விளம்பரமும் செய்கிறவன்.

"முனியாண்டி, மைக்குல என்னப்பா சொன்னே?"

"எல்லாம் கரெக்டாத்தான் சார் சொன்னேன். தலைக்குக் குளிச்சு வாங்க, எண்ணெ வைக்காம வாங்க, வெறும் வயித்துல வாங்க, மாத்துத்துணி எடுத்துக்கிருங்க, தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க..."

"யப்பா, அது கண்ணு முகாமுக்குச் சொல்றதுப்பா!"

"தெரியும் சார். பத்து வருசமா சொல்றேன்ல. கண்ணுன்னு வர்ற எடத்துலயெல்லாம் பல்லுன்னு மாத்திட்டேன்."

அவனை என்ன சொல்லித் திட்டுவது? எங்கள் பக்கத்தில் முகாம் என்றாலே கண் முகாம்தான். ஆஸ்பத்திரி பஸ் வரும். கண்புரை இருக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். படுக்கை கொடுத்து, சாப்பாடு போட்டு, ஆபரேசன் செய்து, அதே பஸ்ஸில் கொண்டுவந்து ஊர் வாசலில் இறக்கிவிடுவார்கள். ஜனங்களுக்கு அது மனப்பாடம். முனியாண்டிக்கும் மனப்பாடம்.

அப்புறம் என்ன? ஊரில் இருந்த ஒரே டீக்கடையில் இட்லி, பன், பிஸ்கட் எல்லாம் காலி. அதுவும் பத்தாமல், முகாமில் வேலை பார்க்க வந்தவர்களுக்கு மத்தியானத்துக்கென்று வைத்திருந்த எலுமிச்சை சாதப் பொட்டலங்களைக் காலையிலேயே பிரித்துக் கொடுத்தோம். சொத்தைப் பல்லோடு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தடியில் ஒவ்வொரு முகமும் போன போக்கைப் பார்த்து எனக்கே வாய் கூசிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் ராமர் என்ற ஒரு பெரிய மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பஞ்சாயத்தில் நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள் போல, துண்டு அப்படி.

"சாரு, பஸ்ஸு எப்ப வரும்?"

"எந்த பஸ்ஸு?"

"ஆஸ்பத்திரி பஸ்ஸுதான். மாட்டைப் பாத்துக்கிறச் சொல்லிப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம். வர மூணு நாளாகும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. ஏன் வரக்கூடாது பஸ்? கண்ணுக்கு வருகிறது, பல்லுக்கு வந்தால் என்ன? கண் தெரியாமல் ஒருவர் தடவிக்கொண்டு வந்தால் 'ஐயோ பாவம்' என்று கையைப் பிடிக்கிறோம். பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால்? சிரிக்கிறோம். சினிமாவில்கூடப் பல்வலிக்காரர் காமெடிக்குத்தானே வருகிறார்! பல் வலித்து யார் செத்தார்கள் என்று நாமாக ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறோம். சாகவில்லைதான். தூங்காமல், தின்னாமல், வேலைக்குப் போகாமல், மாதக் கணக்கில் ஒரு பக்கக் கன்னத்தோடு வாழ்கிறார்கள்.

"பஸ்ஸு வராதுங்க. இங்கேயே பாத்துருவாங்க" என்றேன்.

ராமர் முகத்தில் ஒரு சந்தேகம். "போன வருசமும் ஒரு கூட்டம் வந்துச்சு. டார்ச்சு அடிச்சு வாய்க்குள்ள பாத்தாக. 'சொத்தை இருக்கு, மதுரைக்கு வந்து காட்டுங்க, நாங்களும் அடுத்த மாசம் வாரோம்'னாக. ஆளுக்கொரு பேஸ்ட்டு, பிரஸ்ஸு. போட்டா எடுத்தாக. போனவகதான்" என்றார்.

"பிரஷ்ஷை என்ன பண்ணினீங்க?"

"அதா? சாமி வெளக்கு தேய்க்க நல்லா இருக்கு."

வரிசையில் முதல் ஆள் இருளாயி.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. வெயிலிலேயே காய்ந்த நிறம். முந்தானையை இழுத்து வலது கன்னத்தை மூடியிருந்தார். முந்தானையை எடுத்ததும், அந்தப் பக்கம் லேசாக வீங்கியிருப்பது தெரிந்தது.

"எத்தனை நாளாம்மா வலிக்குது?" என்றாள் சுகன்யா.

"நாளா? அது கெடக்கு தாயி, தை மாசத்துலருந்து. ஒரு பக்கமா மென்டுக்கிட்டு இருந்தேன். இப்ப அதுவும் முடியல. கஞ்சிய ஊத்திக்கிட்டு ஆட்டப் பத்திட்டுப் போறேன். பொகையெலய அதக்கி வச்சா செத்த நேரம் கேக்கும். அப்புறம் மண்டைக்குள்ள குத்தும்."

தை மாதம்! அப்போது நடந்தது ஆடி.

சுகன்யா கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். பி.பி., சுகர் எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒரு பல்லு முழுசா அரிச்சுப்போச்சும்மா. வேருல சீழ் கட்டிருக்கு. பிடுங்கிரலாம்."

"கீழ்ப்பல்லா, மேல்பல்லா?"

"மேல்பல்லு. வலது கடைவாய்."

இருளாயி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப வேணாம் தாயி. மாத்தரை இருந்தாக் குடுங்க."

காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று எத்தனை பேர் நம்புகிறார்கள்! பட்டணத்திலேயே நம்புகிறார்கள். இருளாயிக்கோ அது வெறும் நம்பிக்கை அல்ல, வயிற்றுப்பாடு. போன வருடம்தான் அந்த ஆஸ்பத்திரி பஸ்ஸில் போய், வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு முன்னால் ஆடு எது, கருவேலம் புதர் எது என்று தெரியாமல் தடுமாறி, மெயின் ரோட்டுக்கு ஏறிய இரண்டு ஆடுகளை லாரிக்குப் பறிகொடுத்தவர். இப்போது கண்மாய்க் கரையில் யார் போகிறார்கள் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். இன்னொரு கண் அவ்வளவு சுகமில்லை. ஆடு மேய்க்கிற ஒற்றை ஆள், இருக்கிற ஒற்றை நல்ல கண்... அதைப் பணயம் வைத்து யாராவது பல்வைத்தியம் பார்ப்பார்களா?

சுகன்யா பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் தாடை ஒன்றை எடுத்துக் காட்டி, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, கண்ணுக்குப் போகிற நரம்பு வேறு என்று விளக்கினாள். இருளாயி அந்தத் தாடையை மரியாதையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. பொறுமை கரைந்தது. சுகன்யாவின் குரல் ஏறியது.

"இங்க பாருங்கம்மா! இந்தச் சீழை இப்பிடியே விட்டீங்கன்னா, அது மேல ஏறிக் கண்ணுக்கே போயிரும்!"

டாக்டர் சொன்னது பொய்யில்லை. அப்படியும் சிலருக்கு ஆவது உண்டாம். ஆனால் சொல்லக்கூடிய இடமா அது?

இருளாயி மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே நின்ற வரிசை முழுக்க உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டுக்கிட்டீகளா? பல்லுலருந்து கண்ணுக்கு வழி இருக்குதாம்! டாக்டரம்மாவே சொல்லிட்டாக!"

அவ்வளவுதான். பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று கால் மணி நேரம் பேசிய அதே வாய், கடைசியில் 'உண்டு' என்று சாட்சி சொல்லிவிட்டது! டோக்கன்கள் என் மேஜைக்குத் திரும்பி வந்தன. கூடைகளைத் தூக்கிக்கொண்டார்கள். "எலுமிச்சஞ்சோறு நல்லாருந்துச்சு சாரு" என்று ஒருவர் மரியாதையாகச் சொல்லிவிட்டே போனார். சுகன்யா சுவரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் புரிந்தது.

எல்லோரும் மரத்தடிக்கு நகர்ந்த பிறகும் இருளாயி மட்டும் போகவில்லை. வராந்தாத் தூணில் சாய்ந்து, கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அழுகை இல்லை, வலி. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்காம என்ன சாரு... பிடுங்கிப் போட்டாத் தேவலன்னுதான் இருக்கு." பிறகு தானாகவே சொன்னார். "கண்ணு ஆபரேசன் பண்ணுனவக, அடுத்த மாசம் திரும்ப வந்தாக. கண்ணு தெரியுதா, தண்ணி வடியுதான்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டாக. இவுக பிடுங்கிட்டு வேன்ல ஏறிப் போயிருவாக. நாளைக்கு எனக்குக் கண்ணு மங்குச்சுன்னா, நான் யாரப் போயிக் கேக்க? மகன் திருப்பூர்ல கெடக்கான். ஆட்ட யாரு பாப்பா?"

யாரைப் போய்க் கேட்க?

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் என்னவோ மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு பிளாஸ்டிக் தாடையை ஆட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் கேட்டது வேறு கேள்வி. அதற்கு எந்தத் தாடையிலும் பதில் கிடையாது.

உள்ளே போய் சுகன்யாவிடம் அப்படியே சொன்னேன். அவள் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, நேரே வராந்தாவுக்கு வந்து, இருளாயிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்னையக் கேளுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நான் இங்க வாரேன். உங்க பல்லையும் பாக்குறேன், கண்ணையும் பாக்குறேன்."

"நெசமாவா? சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். வாரேன்னா வாரேன்."

கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபம்தான் இருளாயிக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சரி. ஆனா ஒண்ணு. பிடுங்கையில என் கண்ண ஒரு ஆளு சோதிச்சுக்கிட்டே இருக்கணும். கண்ணாஸ்பத்திரில வெரலக் காட்டிக் காட்டிக் கேட்டாகள்ல... அது மாதிரி."

எல்லோருடைய பார்வையும் என் பக்கம் திரும்பியது. டோக்கன் கொடுக்க வந்தவனிடம் டோக்கன் வாங்க ஆளே இல்லை. சும்மாதானே நிற்கிறான்?

ஆக, இத்தனை வருடம் பத்தி எழுதிய இந்தக் கை, இரண்டாம் வகுப்புக் கரும்பலகைக்கு முன்னால் உயர்ந்தது. நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார்கள். இருளாயி இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். வாய் திறந்திருந்தது. நான் இரண்டு விரல் காட்டினால் அவர் வலது கையில் இரண்டு விரல். நான் ஐந்து காட்டினால் அவரும் ஐந்து. ஜன்னல் கம்பிகளில் ஊரே தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, கையை ஆட்டாதீங்க. நீங்க ஆட்டுனா அவங்க தலைய ஆட்டுறாங்க!"

"நான் ஆட்டலம்மா, அதுவா ஆடுது."

ஊசி போட்டாயிற்று. மரத்துவிட்டதா என்று தட்டிப் பார்த்தாயிற்று. பல்லை அசைக்க ஆரம்பித்தாள் சுகன்யா. அசைக்கிறாள், அசைக்கிறாள்... வேர் விடுவேனா என்கிறது. நான் மூன்று விரல் காட்டினேன்.

பதில் வரவில்லை.

இருளாயியின் வலது கை அப்படியே மடியில் கிடந்தது. திறந்திருந்த கண் என்னைத்தான் பார்த்தது, ஆனால் கை எழவில்லை. மூன்று விரலையும் அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். 'படிச்சவன் நீ, பல் பிடுங்கினால் கண் போகாது என்று உனக்குத் தெரியாதா?' என்கிறீர்களா? தெரியும் சார். அந்த நேரத்தில் வந்து அங்கே நின்று பாருங்கள், எவ்வளவு தெரிகிறது என்று!

இருளாயி புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கண்ணீர் மறைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. துடைத்துவிட்டு என் கையை உற்றுப் பார்த்தார். மூன்று விரலைத் தூக்கினார்.

ஜன்னலில் மொத்தமாக ஒரு மூச்சு விட்டார்கள். அதே நேரம் தட்டில் 'டங்' என்று பல் விழுந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் எழுந்ததும் செய்த முதல் வேலை... வாசலுக்கு வந்து, கண்மாய்க் கரையைப் பார்த்ததுதான். தூரத்தில் சைக்கிளில் யாரோ போனார்கள். பேச முடியாது. பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைத் தட்டி, மீசையை முறுக்குகிற மாதிரி சைகை செய்தார். "ஆமா, எங்க மாமாதான் போறாரு!" என்றாள் அவள். இருளாயி எங்கள் பக்கம் திரும்பித் தலையாட்டினார். பாஸ்!

அப்புறம் வரிசை கட்டி வந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருவரும் வரவில்லை.

"இன்னைக்குத் தெரியும் சாரு. நாளைக்கு? ஒரு வாரம் போகட்டும். அவுக கண்ணு நிக்கிதான்னு பாப்போம்" என்றார் ராமர்.

வலி மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். பேஸ்ட், பிரஷ் வாங்கிக்கொண்டார்கள். இத்தனை பெரிய முகாமில் பிடுங்கியது ஒரே ஒரு பல். சாயங்காலம் நாற்காலியை மடக்கி வேனில் ஏற்றும்போது, அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த பொறுப்பாளர் முகம் செத்துப்போயிருந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. டீசல் போட்டு, ஆள் திரட்டி வருகிறார்கள். அடுத்த ஞாயிறு வேறு மாவட்டம். அதற்கடுத்த ஞாயிறுகளும் வேறு வேறு ஊர் என்று முடிவாகிவிட்டது. ஒரு பல்லைப் பார்க்க வேனைத் திருப்ப முடியாது என்றார்.

"வேன் வேணாம் சார். நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றாள் சுகன்யா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து கிளம்பியவள், காரியாபட்டியில் பஸ் நின்றபோது போன் செய்தாள். "மாமா, வாரீங்களா? இல்ல, விரல் வலிக்குதா?" அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறிக்கொண்டேன். அங்கிருந்து திருச்சுழிக்கு ஒரு பஸ், திருச்சுழியிலிருந்து ஊருக்கு மினிபஸ். அவள் பையில் ஒரு டார்ச், ஒரு வாய்க்கண்ணாடி, கொஞ்சம் மாத்திரை. அவ்வளவுதான். புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க அதற்கு மேல் எதற்கு?

மினிபஸ் திரும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். போன வாரத்தைவிடக் கூடுதல்.

"ஐயோ மாமா, அந்தம்மா கண்ணுக்கு ஏதும் ஆயிருச்சா?" என்று என் கையைப் பிடித்தாள் சுகன்யா. முதல் தடவையாக அவள் குரலில் பயத்தைக் கேட்டேன்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து இருளாயி எழுந்து வந்தார். கன்னத்தில் வீக்கம் இல்லை. முகமே வேறு மாதிரி இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அது இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கக்கூடிய முகம் என்று.

"வந்துட்டியா தாயி! இவுகட்டருந்து என்னயக் காப்பாத்து மொதல்ல. ஒரு வாரமா என்னய ஆடு பத்த விடல. காலைல கதவத் தொறந்தா நாலு பேரு வெரலக் காட்டிக்கிட்டு நிக்கிறாக. ஊசியில நூலு கோத்துக் காட்டுங்கிறாக. அந்தா போறது யாரு, இந்தா வர்றது யாருங்கிறாக. டீக்கடைல காசு குடுத்தா, இது என்ன காசுன்னு என்னயவே கேக்குறான்!"

ஊரே சேர்ந்து ஒரு வாரமாக அவர் கண்ணைச் சோதித்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள்?

சுகன்யா டார்ச் அடித்துப் பார்த்தாள். புண் நன்றாக ஆறி வந்தது. சொன்ன சொல்லுக்காகக் கண்ணையும் பார்த்தாள். ஒரு விரலைத் தூக்கியதுமே, "போதும் தாயி, ஒண்ணு!" என்று இருளாயி கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு, வரிசையில் நின்றார்கள்.

"இப்ப எங்களுக்குப் பிடுங்குங்க" என்றார் முதலில் நின்றவர். "சாப்புட்டுத்தான் வந்திருக்கோம்!" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. "நானும்! நானும்!"

சுகன்யா தன் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தாள். ஊசி இல்லை, குறடு இல்லை, நாற்காலி இல்லை. ஒரு வாயைப் பார்க்க வந்தவளுக்கு முன்னால் ஓர் ஊரே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது!

"இன்னைக்கு... நான் சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். சாமானெல்லாம் வேன்ல இருக்கு. வேன் வந்தாத்தான் முடியும். அடுத்த ஞாயித்துக்கெழம..." அவள் குரல் இறங்கிவிட்டது. வேன் வேறு ஊர்களுக்குப் போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராமர் கூடையைத் தூக்கினார். "போன வருசமும் இதத்தான் சொன்னாக. வாங்கப்பா, போவோம்."

வரிசை கலைய ஆரம்பித்தது. இந்தத் தடவை கலைந்தால் அப்புறம் ஒன்று சேராது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"ஏலே, நில்லுங்கலே எல்லாரும்!"

இருளாயியின் குரல். ஆட்டுக்குக் கொடுத்துப் பழகிய குரல், கண்மாய் வரைக்கும் கேட்டிருக்கும்.

"என் ஒத்தப் பல்லப் பாக்க மூணு பஸ்ஸு மாறி வந்திருக்கு இந்தப் புள்ள. ஊருப் பல்லு பூராத்துக்கும் வராமயா போயிரும்? அடுத்த ஞாயித்துக்கெழமங்குதுல்ல? வரும். உக்காருங்க, வாயத் தொறங்க, யாருக்கு எந்தப் பல்லுன்னு இன்னைக்கே பாத்து வச்சுக்கிறட்டும்."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ராமர் கடைசியாகக் கூடையை இறக்கி வைத்தார்.

சுகன்யா கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கத்தான் என்று நினைத்தேன். துடைத்தாள். துடைத்த கையோடு போனை எடுத்தாள். பொறுப்பாளரிடம் தமிழும் தெலுங்கும் கலந்து அவள் பேசிய பேச்சை இந்தப் பத்தியில் எழுத முடியாது. "வேன் இல்லேன்னா நாற்காலிய மட்டும் குடுங்க சார், மினிபஸ் டாப்புல ஏத்திக்கிறேன்" என்று கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வேன் வந்தது. அடுத்த ஞாயிறும் வந்தது, அதற்கடுத்த ஞாயிறும் வந்தது.

இலவசம் என்று பேனர் கட்டினால் யார் வேண்டுமானாலும் கூட்டம் சேர்க்கலாம் சார்... ஜனங்கள் வாயைத் திறக்க, திரும்பி வந்து காட்டணும்!